ராணியின் செருப்புக்காசு

போர்ச்சுக்கல் நாட்டு ராணிக்குச் செருப்பு வாங்க முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆண்டுதோறும் 4,000 பணம் கட்டிவந்தார்கள். கதை இல்லை, கணக்கு. முத்துக்குளிப்பில் வந்த வரியில் அந்தத் தொகை ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார், அந்தக் காசை இங்கேயே விட்டுவிடும்படி கேட்டார். ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபதேசிமார்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். மோட்சத்துக்கு ஏறிப்போக ராணிக்கு இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு கிடைக்காது என்றும் எழுதினார். காசு கிடைத்தது.

அரசாங்கப் பணத்தில் வாத்தியார் சம்பளம் என்ற ஏற்பாடு இந்தக் கரையில் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அது யார் வீட்டுப் பணம்? மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளியவனுடைய பணம். அவன் கையிலிருந்து வரியாகப் போய், அரண்மனைக் கணக்கில் ஏறி, அங்கிருந்து இறங்கி, அவன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளமாக வந்து சேர்ந்தது. வந்தபோது அதற்கு 'அரசு தந்த உதவி' என்று பெயர்.

இந்த நானூற்று எண்பது ஆண்டுகளில் ராணி போனாள், கம்பெனி வந்து போனது, வெள்ளைக்கார சர்க்கார் போனது. கடைசியாக 1961-ல் நடந்ததோடு முத்துக்குளிப்பும் நின்றுபோனது. காசு சுற்றி வரும் அந்தப் பாதை மட்டும் அதிகம் மாறவில்லை.

ஆலந்தலைக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் போகும் வழியில் இருக்கிற கடற்கரை ஊர். வெளியூர்க்காரர்களுக்குத் திரு இருதயங்களின் அற்புதக் கெபியால் தெரிந்த பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு வள்ளம், வலை, கடல் அரிப்பு, அதைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவு. சவேரியாருக்கும் இந்த ஊர் தெரியும். 1544 செப்டம்பரில் அவர் தன் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றின் தலைப்பில் 'அலெந்தலே' என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. வடுகர் படைக்குப் பயந்து தூத்துக்குடி மக்கள் தீவுகளுக்கு ஓடிப் பசியிலும் தாகத்திலும் கிடக்கிறார்கள், உதவிக்கு வள்ளங்கள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் எழுதிய கடிதம் அது. அதே மாதங்களில் அவர் மான்சிலாஸுக்கு எழுதிய மற்றக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கவலை இன்னொன்று: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நடக்கிறதா, சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா.

அவர் சொல்லிக்கொடுத்தது எழுத்து அல்ல, செபம். தமிழும் போர்ச்சுகீசும் அறிந்த சிலரை உட்காரவைத்து மொழிபெயர்த்து, தானே மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒப்பிக்கவைத்தார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார்: இங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போக, பிள்ளை பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற தலைகீழ் ஏற்பாடு. இன்றைக்கும் கரையில் வங்கிப் படிவம், நலவாரிய விண்ணப்பம், கைபேசியில் வரும் காற்று எச்சரிக்கை எல்லாவற்றையும் படித்துச் சொல்வது வீட்டிலிருக்கும் எட்டாம் வகுப்புதான்.

எழுத்து கொஞ்சம் பின்னால் வந்தது. சவேரியாருக்குப் பிறகு இங்கே ஐம்பதாண்டு போல வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கசடறக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 1586-ல் 'அடியார் வரலாறு' புன்னைக்காயலிலேயே அச்சேறியது. தமிழ் அச்சுக்குப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதாவது, தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்ட காலத்திலேயே மீன்பிடிக்கிற குடும்பங்கள் அதற்குச் சந்தா கட்டியிருக்கின்றன. 'கடற்கரைச் சனங்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது' என்று இன்றைக்கும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். அவர்களிடம் சொல்வதற்காகவே இந்தத் தகவலைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆர்.சி. பள்ளிக்கூடம்

வேம்பாற்றிலிருந்து உவரி வரைக்கும் எந்தக் கடற்கரை ஊரில் கேட்டாலும் 'ஆர்.சி. ஸ்கூல்' என்ற பெயர் காதில் விழும். கோவில், பங்குச்சாமி வீடு, கன்னியர் மடம், பள்ளிக்கூடம் நான்கும் கூப்பிடு தூரத்தில். தாளாளர் பங்குச்சாமியாகவோ மடத்து மதராகவோ இருப்பார். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும்.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்கு 1854-ல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் உட்டின் கல்வி ஆணை வழிபோட்டது. பள்ளியை நடத்த மிஷனரியோ உள்ளூர்ப் பெரிய மனிதரோ முன்வந்தால், சர்க்கார் மானியம் கொடுக்கும். சர்க்காருக்குச் செலவு குறைவு, மிஷனுக்குக் கை கொஞ்சம் நிமிரும். நடுவில் கட்டடத்துக்கும் கூரைக்கும் காசு கொடுத்தது யார்? தெற்குக் கடற்கரை ஊர்களில் பிடிபட்ட மீனில் கோவிலுக்கு ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. சில ஊர்களில் அதைக் குத்தகை என்பார்கள். கோவிலும் பள்ளியும் ஒரே வளாகத்தில் நின்ற காலத்தில், அந்த மீன்காசு எந்தச் சுவரில் முடிந்தது என்று பிரித்துச் சொல்வது சிரமம். 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். அதற்குப் பிறகு பள்ளிகள் பெருகின. 1948-ல் தூத்துக்குடியில் பெண்களுக்கென்று புனித மரியன்னை கல்லூரியே வந்தது. கடலுக்குப் போகிறவர் மகள் பட்டம் வாங்கினாள்.

நம் கரைக்கு அக்கம்பக்கத்தில் இதே காலத்தில் நடந்ததைப் பார்த்தால் நம் ஊர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரியும். எதிர்க்கரையில், இலங்கையில், 1945-லேயே கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி. 1960-ல் சிறிமாவோ அரசு, உதவி பெறும் மதப் பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தார்கள். மேற்குக்கரையில், கேரளத்தில், 1957-ல் கல்வி அமைச்சர் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா தனியார் பள்ளி நிர்வாகிகளின் கையைக் கட்டப் பார்த்தது. அது விமோசன சமரம் என்ற போராட்டமாக வெடித்து, 1959 ஜூலை 31-ல் ஆட்சியே கலைக்கப்பட்டது. அந்தக் கலவரத்தில் திருவனந்தபுரத்துச் செறியதுறையில் போலீஸ் சுட்டு இறந்தவர்களில் ஒருவர் ஃபுளோரி என்ற கர்ப்பிணி. மீனவப் பெண்.

தமிழ்நாடு இரண்டு வழியும் போகவில்லை. பள்ளியைப் பிடுங்கவும் இல்லை, அதன்போக்கில் விட்டுவிடவும் இல்லை. ஆசிரியர் சங்கங்கள் வெகுநாள் போராடியதன் பலனாகச் சம்பளத்தை அரசு கையில் எடுத்தது. 1973-ல் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நிர்வாகம் சபைக்கு, சம்பளம் சர்க்காருக்கு, பிள்ளை குடும்பத்துக்கு. நல்ல ஏற்பாடுதான். சண்டை வராமல் காத்தது. சண்டை வராததால், மூன்றாவது ஆள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

மணி அடித்தால் திரும்பாத வள்ளம்

1953-ல் முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரத்தில் பிள்ளை தன் குடும்பத் தொழிலைப் பழக வேண்டும். பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். பெயரே திட்டத்தை முடித்துவிட்டது. காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்த தொழில் எது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டு முற்றத்தில் சுழலும் குயவர் சக்கரம், திண்ணைக்கு அருகில் தச்சுப் பட்டறை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து பக்கத்தில் உட்காரலாம். ஆலந்தலையில் அப்பன் தொழில் விடியற்காலை மூன்று மணிக்குக் கரையை விட்டுப் போய்விடும். பள்ளிக்கூட மணி அடித்ததும் வள்ளம் திரும்பி வராது. காலையில் மூன்று மணி நேரம் பாடம், மாலையில் மூன்று மணி நேரம் கடல் என்று பிரிக்க முடியாது. கடலுக்குப் போன பையன் போனவன்தான். அந்தத் திட்டம் நின்றிருந்தால் இந்தக் கரையில் பள்ளிக்கூடம் என்பது வாரத்துக்கு ஒருநாள் விஷயமாகியிருக்கும். அந்த ஒருநாளும் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகக்கூடாத நாள், பள்ளியும் கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜாஜி எந்த எண்ணத்தில் சொன்னாரோ, அப்பனிடம் கற்க ஒன்றுமே இல்லை என்று நம் பாடப்புத்தகமும் சேர்ந்து முடிவு கட்டியது சரியில்லை. எந்தக் காற்றுக்கு எந்த மீன், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் வைத்துக் கணியம் பார்த்துக் கடலடிப் பாரை எங்கே இருக்கிறதென்று சொல்வது: இது வடிவியல், வானிலை, உயிரியல் மூன்றும் சேர்ந்த படிப்பு. இது எந்த வகுப்பிலும் இல்லை. 1977-ல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி வந்தது, மீனவர் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடும் உண்டு. அங்கே போய்ச் சேர உயிரியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். கணியம் தெரிந்தால் போதாது.

காமராஜர் காலத்தில் குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே வேறொரு பேச்சு நடந்தது. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல, பசி என்று ஒப்புக்கொண்ட அரசு அது. 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்குள். செலவில் அரசு ஒரு பங்கு, ஊர் ஒரு பங்கு. கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கடிகாரம் கொடுத்தார், ஒருவர் நிலமே எழுதிக்கொடுத்தார். கொடுத்தவருக்கு அந்தப் பள்ளியில் ஒரு சொந்தம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஊர்ப் பங்கு என்பது அதற்குள் ஏறக்குறைய மறைந்து, முழுதும் அரசுத் திட்டமாகிவிட்டது. சோறு பெருகியது, நல்லது. சொந்தம் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமதமாக வரும் வண்டி

இனிச் சமீபத்துக் கணக்கு. மதுரையில் 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2024 ஜூலை 15-ல், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் தொடங்கி.

நடுவிலிருந்த அந்த ஓராண்டை, கடற்கரைத் தாயின் பக்கம் நின்று பார்க்கலாம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்ற வேறுபாடு கோட்டையில் இருக்கும் கோப்புக்குத் தெரியும். அவளுக்கு இருப்பது ஒரே பள்ளிக்கூடம், கோவிலுக்கு அடுத்த பள்ளிக்கூடம். காலை உணவு வேறெங்கையும்விடக் கடற்கரையில்தான் மிகவும் தேவை என்பதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம். புருஷன் இருட்டில் போய்விடுவான். விடியும்போது கரையில் ஏலம். வாங்கி விற்கிறவள், கருவாடு போடுகிறவள், கூலிக்கு மீன் தெரிகிறவள் எல்லோரும் அந்நேரம் மணலில்தான். உலை வைக்க வேண்டிய நேரமும் ஏல நேரமும் ஒன்று. பிள்ளை டீயும் வர்க்கியும் தின்றுவிட்டுப் போகும்.

இதே தாமதம் இன்னொரு திட்டத்திலும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவளுக்கு 2024 டிசம்பர் 30-ல். அதைத் தொடங்கிவைத்த இடம் தூத்துக்குடி என்பது பொருத்தம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். 1991-92-க்குப் பிறகு வந்த பள்ளிகளுக்கும் பிரிவுகளுக்கும் அரசு மானியம் தருவதில்லை. அதனால் பல உதவி பெறும் பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பள்ளி: தமிழ்வழிக்கு அரசு சம்பளம், ஆங்கிலவழி சுயநிதி, கட்டணம் கட்ட வேண்டும். மகன் கப்பலுக்குப் போக வேண்டும், வளைகுடாவில் ஆங்கிலம் தெரியாமல் அப்பன் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்று நினைக்கிற தாய் நகையை அடகு வைத்து மகனையும் மகளையும் ஆங்கிலவழியில் சேர்க்கிறாள். அவள் மகள் கல்லூரிக்குப் போகும்போது அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது. வறுமை குறைந்துவிட்டது என்று அர்த்தமா? அடகுச் சீட்டைக் கேட்டால் தெரியும்.

மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும். அந்தச் சட்டம் நியாயமானது, நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அதன் எல்லைக்கோடு வரைபடத்தில் ஓடும்போது, தேரிக்காட்டுப் பக்கத்து ஊரைச் சேர்த்துக்கொண்டு கடற்கரை ஊரை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. இரண்டு வீட்டு வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்றில் நூறு ஆண்டுக்கு முன்பு ஜில்லா போர்டு பள்ளி கட்டியது, இன்னொன்றில் சாமியார் கட்டினார். கோடு அங்கே விழுந்தது.

படிப்பறிவில் இந்த மாவட்டம் பின்தங்கியதில்லை. 2011 கணக்கெடுப்பில் மாநிலம் 80 விழுக்காடு என்றால் தூத்துக்குடி 86. அதில் கடற்கரை ஆர்.சி. பள்ளிகளுக்கும் நாடார் சங்கப் பள்ளிகளுக்கும் இருக்கும் பங்கை யாரும் மறுக்க முடியாது. அரசு செய்யாத வேலையைச் சமூகம் செய்தது. அதற்காக அந்தச் சமூகத்துப் பிள்ளை ஓராண்டு தாமதமாகச் சாப்பிட வேண்டும் என்பது என்ன கணக்கு?

சபையும் இதில் முழுக்கத் தப்ப முடியாது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். 2012 திருத்தத்தில், சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று சுருங்கியது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சபையின் உரிமையைக் காக்கிறது, காக்கட்டும். அந்தச் சபையே மீன்பிடிக்கிற குடும்பங்களால் ஆனது. உரிமை சமூகத்துக்கு என்றால் நாற்காலி தாளாளருக்கு மட்டும் எப்படிப் போனது என்று ஒரு தாய் கேட்டால், அது சபைக்கு எதிரான கேள்வி ஆகாது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கூட்டம் போடுவார்கள். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவார்கள், பிள்ளை கைபேசி பார்ப்பதைக் கண்டிக்கச் சொல்வார்கள், சுற்றுச்சுவருக்கு நன்கொடை கேட்பார்கள். எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, காலியிடம் எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் நிரப்பவில்லை என்று அவள் கேட்கும் இடம் அதில் இல்லை. வேறொரு மாவட்டத்துக் கடற்கரையில் இப்படி ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். மீன் வாடை வருகிறதென்று ஒருவர் சன்னலைத் திறந்துவிட்டார். தாய்மார் எழுந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடிய ஒன்று: விசைப்படகு ஊர்களில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறப்பதும், சீருடைக்குத் துணி எடுப்பதும், சுயநிதிப் பிரிவுக்கு முதல் தவணை கட்டுவதும் அதே ஜூன். வருமானம் இல்லாத இரண்டு மாதத்தின் முடிவில்தான் ஆண்டின் பெரிய செலவு. தடைக்கால நிவாரணத்தில் ஒரு பகுதி நோட்டும் பையுமாக மாறிப் பள்ளிக்கே போகிறது. மீன்வளத் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கட்டணத் தவணையை ஆகஸ்டுக்குத் தள்ளலாம். இதற்குச் சட்டம் வேண்டாம், சுற்றறிக்கை போதும்.

2022-ல் தமிழக அரசு தன் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, பெற்றோர்களில் ஒருவரையே தலைவராக வைத்தது, கூட்டத்துக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலைக் குறித்தது. கடற்கரை ஆர்.சி. பள்ளிகளில் அந்தக் குழு இல்லை. ஆனால் முதல் வெள்ளி இங்கேயும் உண்டு. தலைவெள்ளி என்பார்கள், திரு இருதயத்துக்கான நாள். ஆலந்தலைத் தாய்மார் அன்றைக்குக் குளித்து, தலைக்கு முக்காடு போட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசுவார்கள்: எந்த டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார், யார் மகன் பத்தோடு நின்றுவிட்டான், கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் எத்தனை நாள் ஆயிற்று. எதிரே பள்ளிக்கூடம் இருக்கும். கேட் பூட்டியிருக்காது.